தப்பே வராத வகுப்பு

லியோனிலாவின் வகுப்பில் சரியான விடை சொன்னால் பெரிய மரியாதை ஒன்றும் கிடைக்காது. "சரி, உட்காரு" என்பாள், அவ்வளவுதான். தப்பாகச் சொன்னவனுக்குத்தான் யோகம். புதையல் கிடைத்தவள் போல முகம் மலர்ந்து, "ரொம்ப நன்றிப்பா! நீ இதைச் சொல்லலேன்னா இன்னிக்கு நான் எதைப் பாடம் நடத்துறது?" என்று சொல்லி, அந்தத் தப்பைப் பலகையின் நட்டநடுவில் எழுதுவாள். பிறகு மொத்த வகுப்பையும் அதன் மேல் ஏவிவிடுவாள். தப்பு எங்கே முளைத்தது, ஏன் முளைத்தது என்று பிள்ளைகள் பிய்த்துப் போடுவதற்குள் பாடம் தானாக வந்து உட்கார்ந்திருக்கும்.

பிலிப்பைன்ஸில் எங்கள் இலோயிலோவின் கடற்கரை ஓரத்து அரசுப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அவள்தான் கால்குலஸ். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரின் தலை தெரிந்தாலே கடைசி பெஞ்சுக்குப் பின்னால் ஒளிந்த பிள்ளைகள்தான் அங்கே பாதிக்கு மேல். அந்தப் பிள்ளைகள் இவள் வகுப்பில் தப்புச் சொல்வதற்கு முண்டியடித்துக் கையைத் தூக்கும். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு வகுப்பை நான் வேறெங்கும் கண்டதில்லை.

டீன் சுமகைசாய் கெட்ட மனுஷர் இல்லை. மேலிடத்து உத்தரவு என்றால் மட்டும் வேதவாக்கு. பருவத் தொடக்கத்தில் ஒருநாள் லியோனிலாவை அழைத்து, மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"முனைவர் பட்டம் இல்லாத ஒப்பந்த ஆசிரியர்களை இந்தப் பருவத்தோட நிறுத்தச் சொல்லிட்டாங்க லியோனி. தேசிய விருது வாங்கினவங்களுக்கு மட்டும் விலக்கு. அவங்களுக்கு நிரந்தர வேலையே கொடுக்கலாமாம்."

"வாங்காதவங்க?"

"நீ வாங்கிடு. அப்புறம் அந்தக் கேள்விக்கே வேலை இல்ல பாரு" என்று சிரித்தார். அவருக்கென்ன, சிரிக்கலாம்.

ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு ஊரெல்லாம் விருது உண்டு. கல்லூரி வகுப்பில் நின்று தொண்டை கிழியக் கணக்கு நடத்துகிறவர்களுக்கு இருப்பது ஒன்றே ஒன்று. கணித ஆசிரியர் கழகம் வருடத்துக்கு ஒருவருக்குக் கொடுப்பது. பழைய மாணவர்கள் சேர்ந்து லியோனிலாவின் பெயரைப் பரிந்துரைத்திருந்தார்கள். கடைசிச் சுற்று வரைக்கும் வந்துவிட்டாள். இனி நடுவர்கள் நேரில் வந்து ஒரு வகுப்பில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: அன்றாடம் நடக்கிற வகுப்பாக இருக்க வேண்டும். முன்கூட்டியே ஆசிரியர் ஒத்திகை கொடுத்தது தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள்.

துபாயிலிருந்து தங்கை நெலியா வாரம் தவறாமல் போனில் பிடித்துக்கொள்வாள். அக்காவை மனாங் என்றுதான் கூப்பிடுவாள். "தப்புச் சொல்றவனுக்கெல்லாம் நன்றி சொல்லிக்கிட்டுத் திரியறே மனாங், உனக்கு நன்றி சொல்ல அங்க எவன் இருக்கான்? இங்க ஒரு ஸ்கூல்ல கணக்கு டீச்சர் இடம் காலியாகுது. பேசாம கிளம்பி வா."

லியோனிலாவுக்குப் போக மனமில்லை. அந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டு அவளுக்கு எங்கேயும் போகப் பிடிக்கவில்லை. அதே சமயம் வேலை போனால் வேறு வழியும் இல்லை.

இந்த விஷயம் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். அட அப்பாவியே! எங்கள் ஊரில் ஒருத்தர் தும்மினால் மறுகரையில் மருந்து காய்ச்சுவார்கள். வகுப்பு மேயர் ஜோவெலினின் அத்தை மகள் டீன் அலுவலகத்தில்தான் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு வகுப்பும் தனக்கென்று ஒரு மேயரைத் தேர்ந்தெடுப்பது இங்கே வழக்கம். பெரும்பாலும் யாருக்குக் குரல் பெரிதோ அவர்தான் மேயர். ஜோவெலினை எதிர்த்து அந்த வருடம் யாரும் நிற்கவே இல்லை.

நடுவர்கள் வந்த காலையில், விருந்தினர் வந்தால் சும்மா அனுப்பக் கூடாது என்று டீன் இறைச்சிக் கொழுக்கட்டை மிதக்கிற மோலோ சூப்பும் அரிசிப் புட்டும் வரவழைத்து வைத்திருந்தார். மணிலாவிலிருந்து வந்திருந்த டாக்டர் லாக்சமானா கோப்பையை மரியாதையாகத் தள்ளி வைத்தார். "நடுவர்கள் எதையும் சாப்பிடக் கூடாதுங்க. விதி." நரைத்த தலையை ஒட்ட வெட்டிய, நெடுநெடுவென்ற அம்மாள் அவர். கூட வந்த இளைஞர் சூப்பை ஏக்கத்தோடு பார்த்துவிட்டு அவர் பின்னாலேயே போனார். டீனுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

வகுப்புக்குள் நுழைந்ததுமே லியோனிலாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. பலகை கண்ணாடியாகத் துடைக்கப்பட்டிருந்தது. எல்லாச் சட்டையும் இஸ்திரி போட்ட சட்டை. என்றும் தூங்கி எழுந்த தலையோடு வருகிற ரோடெல்கூட ஜெல் தடவி வகிடு எடுத்து உட்கார்ந்திருந்தான். நடுவர்கள் கடைசி வரிசையில் போய் அமர்ந்தார்கள்.

அன்றைய பாடம் பெருக்கல் விதி. மாறிக்கொண்டே இருக்கிற இரண்டு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் அந்தப் பெருக்கல் எந்த வேகத்தில் மாறும்? கேட்டதும் வருகிற பதில், "இதோட வேகத்தையும் அதோட வேகத்தையும் பெருக்கினாப் போச்சு" என்பது. பார்க்க அழகான பதில், ஆனால் தப்பு. கால்குலஸ் படித்தவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது விழுந்து எழுந்த பள்ளம் அது. லியோனிலாவின் பாடம் முழுக்க அந்தப் பள்ளத்தில்தான் இருந்தது. யாராவது விழுந்தால்தான் அவள் வேலையே ஆரம்பிக்கும்.

கேள்வியைக் கேட்டாள். நாற்பது கைகளும் ஒரே நேரத்தில் எழும்பின.

முன் வரிசை அர்னெலைக் கூப்பிட்டாள். அவன் எழுந்து, தேவாலயத்தில் ஜெபம் சொல்கிற ராகத்தில் ஒப்பித்தான்: "முதலாவதை ரெண்டாவதோட வேகத்தால பெருக்கணும், ரெண்டாவதை முதலாவதோட வேகத்தால பெருக்கணும், அப்புறம் ரெண்டையும் கூட்டணும், மேடம்."

அச்சுப் பிசகாத சரியான விடை. இன்னும் நடத்தவே நடத்தாத பாடம் அது!

"சரி... உட்காரு. வேற யாராவது வேற மாதிரி நினைக்கிறீங்களா?" மறுபடியும் நாற்பது கைகள். ரோடெலைக் கூப்பிட்டாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவன் அவளுக்குத் தப்புக் கொடுக்காமல் ஏமாற்றியதில்லை. அவன் எழுந்து நின்றான். வாய் திறந்தது. "முதலாவதை மேடம்... ரெண்டாவதை..." என்றான். பிறகு பரிதாபமாக ஜோவெலினைப் பார்த்தான். ஜோவெலின் தலையில் அடித்துக்கொண்டாள்.

அவனை உட்காரச் சொல்லிவிட்டு ஓர் ஓரத்தில் இருந்த மைலீனைக் கூப்பிட்டாள். மைலீன் எழுந்து, உயர்த்திய கையை இறக்காமலே சிலையாக நின்றாள்.

அப்போதுதான் லியோனிலாவுக்குக் கண்ணில் பட்டது. மைலீன் தூக்கியிருந்தது இடது கை. ரோடெல் தூக்கியதும் இடது கை. அர்னெல் தூக்கியது வலது கை. வகுப்பு முழுக்க வலதும் இடதுமாகக் கைகள் கலந்து நின்றன.

பார்வையாளர்கள் வரும் நாளில் எங்கள் பள்ளிக்கூடங்களில் காலங்காலமாக நடக்கிற தில்லுமுல்லு இது. கேள்வி கேட்டால் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும். தெரிந்தவன் வலது கை, தெரியாதவன் இடது கை. வாத்தியார் வலது கைகளை மட்டும் கூப்பிடுவார். பார்க்கிறவர்களுக்கு, ஆகா, என்ன அருமையான வகுப்பு என்று தோன்றும். போன வருடத்துப் பிள்ளைகளிடம் கேட்டு அன்றைய பாடத்தைத் தெரிந்துகொண்டு, விடையை வரிசை வரிசையாக உருப்போட வைத்து, உருப்போட முடியாதவர்களுக்கு இடது கையைக் கொடுத்து எல்லாவற்றையும் பிரமாதமாக ஏற்பாடு செய்த மேயர் அம்மாள், ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. இந்த வித்தை பலிக்க வேண்டுமென்றால் வாத்தியாருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மேடத்திடம் சொன்னால் தோலை உரித்துவிடுவாள் என்று சொல்லாமல் விட்டார்கள். இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டிவிட்டுச் சாவியைக் கடலில் போட்ட கதை!

கடைசி வரிசையில் டாக்டர் லாக்சமானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையும் எழுதவில்லை.

லியோனிலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. 'எல்லாத்தையும் கெடுத்தீங்களே பாவிகளா!' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால், மணிலாக்காரர்கள் முன்னால் இத்தனை பிள்ளைகளும் ஏமாற்றுக்காரர்கள் ஆகிவிடுவார்கள். கத்தாமல் மேலே நடத்தினால் ஒப்பித்த விடையை வாங்கி வைத்துக்கொண்டு நாடகம் ஆட வேண்டும். அது அவளுக்கு வராது.

சாக்பீஸைக் கொண்டுபோய் ரோடெலின் மேசையில் வைத்தாள். மைலீனுக்குப் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி இருந்தது. அதில் போய் உட்கார்ந்தாள்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. ரொம்ப சந்தோஷம். எனக்குத்தான் தெரியலை. நான் சொல்றேன், ரெண்டு வேகத்தையும் பெருக்கினாப் போதும். எதுக்குக் கூட்டணும்? எவனாவது வந்து எனக்குப் புரிய வைங்க பார்ப்போம்."

அர்னெல் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "புத்தகத்துல அப்படித்தான் மேடம் போட்டிருக்கு."

"புத்தகம் என்ன என் மாமியாரா, சொன்னதுக்கெல்லாம் தலையாட்ட? ஏன்னு சொல்லு."

"ரெண்டு இருக்கில்ல மேடம், அதனால ரெண்டு தடவை..."

"மூணு இருந்தா மூணு தடவையா? போடா, இது ஒரு காரணமா?"

"அப்போ வேகத்தை மட்டும் கூட்டினாப் போதும் மேடம்!" என்று ஜோவெலின் எழுந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்?"

"சும்மா, தோணுச்சு!"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் இஸ்திரி கலைந்தது. தப்புகள் மழையாகக் கொட்டத் தொடங்கின. ஒருத்தன் கழிக்க வேண்டும் என்றான், இன்னொருத்தி பாதியாக்க வேண்டும் என்றாள். லியோனிலா எதற்கும் மசியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொருத்தரையும் வம்புக்கு இழுத்து, தன் தப்பையே பிடித்துக்கொண்டு நின்றாள். எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போட்டாலும் தாலாட்டுப் பாடுகிற மாதிரிதான் இருக்கும் என்று மற்றத் தீவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அன்றைக்கு அந்த வகுப்பில் தாலாட்டு எதுவும் கேட்கவில்லை.

"x-ஐ x-ஆல பெருக்குங்க!" என்று திடீரென்று அர்னெல் கத்தினான். "x-ஓட வேகம் ஒண்ணு. மேடம் சொல்றபடி பார்த்தா ஒண்ணு பெருக்கல் ஒண்ணு, ஒண்ணுதான் வரணும். ஆனா x வர்க்கத்தோட வேகம் 2x-னு போன வாரம் பார்த்தோமே! மேடம் தோத்துட்டீங்க!"

"தோத்துட்டேன், ஒத்துக்கிறேன். என்னோடது தப்பு. ஆனா உங்களோடது ஏன் சரி?"

ரோடெல் மேசையில் இருந்த சாக்பீஸையே முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு அதை எடுத்துக்கொண்டு பலகைக்கு ஓடினான்.

"எங்கப்பா காவல் காக்கிற பால்மீன் குளத்தைப் போன வருஷம் பெருசாக்கினாங்க மேடம்" என்று ஒரு செவ்வகம் வரைந்தான். "இந்தக் கரையோரமா நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டினாங்க. அந்தக் கரையோரமா அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டினாங்க. பரப்பளவு கூடினது அந்த ரெண்டு பட்டைதான். நீளத்தை அகலம் வளர்ந்த அளவால பெருக்கினா ஒரு பட்டை, அகலத்தை நீளம் வளர்ந்த அளவால பெருக்கினா இன்னொரு பட்டை. ரெண்டு பட்டை மேடம்! அதான் கூட்டல்!" சொல்லிவிட்டுத் தானே அதிர்ந்துபோய் நின்றான்.

வகுப்பு மேசையைத் தட்டி ஆர்ப்பரித்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் லியோனிலாவின் காதோரம் ஒரு மெல்லிய குரல் கேட்டது.

"மூலை?"

மைலீன். அந்தப் பருவம் முழுவதும் வாயே திறக்காத ஒரே ஆள் அவள்.

"சத்தமாச் சொல்லும்மா."

"ரெண்டு பட்டையும் சேர்ற மூலையில ஒரு சின்னத் துண்டு மிச்சம் நிக்குதே மேடம். அதையும் வெட்டினாத்தானே குளம் முழுசா செவ்வகமாகும்? கணக்குல அது எங்க போச்சு?"

எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். ஆமாம், மூலை இருந்தது! 'அது சின்னது, விட்டுடலாம்' என்றது ஒரு கூட்டம். 'உன் அப்பன் வீட்டு மண்ணா விடுறதுக்கு?' என்றது மற்றொன்று. பட்டை மெலிய மெலிய மூலை அதைவிட வேகமாக மெலிகிறதா என்று ஜோவெலின் விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி வரிசையில் இளைஞர் விடையைச் சொல்ல வாயெடுத்தார். டாக்டர் லாக்சமானா அவர் காலை மிதித்தார். மூலைக்கு ஒரு முடிவு தெரிவதற்கு முன்பே மணி அடித்துவிட்டது.

தாழ்வாரத்தில் டாக்டர் லாக்சமானா அவளைத் தனியாக நிறுத்தினார்.

"நேராவே கேக்கறேன். நீங்க பிள்ளைங்களுக்கு ஒத்திகை கொடுத்தீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் 'அப்போ யார் செஞ்சது?' என்பது அடுத்த கேள்வியாக வரும். உள்ளே ஜோவெலினின் குரல் இன்னும் மூலைக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

"என் வகுப்புல எது நடந்தாலும் அது என் பொறுப்புதாங்க."

"நான் கேட்டது அது இல்லையே."

"எங்கிட்ட இருக்கிற பதில் அதுதாங்க."

அந்த அம்மாள் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போய்விட்டார். சூப் ஆறிப்போய் அப்படியே இருந்தது.

விருது போயிற்று என்று லியோனிலா முடிவு கட்டிவிட்டாள். மறுநாள் பிள்ளைகளை உண்டு இல்லை என்று பண்ணிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்குப் போனாள். இரவு சாப்பிட உட்கார்ந்தபோது ரோடெலின் ஜெல் தடவிய தலை நினைவுக்கு வந்தது. பாவிப் பயல், தனக்காக அல்லவா தலை சீவிக்கொண்டு வந்தான்! புரியாத ஒன்றை ராத்திரியெல்லாம் உட்கார்ந்து உருப்போட்டது எத்தனை பேரோ. தனக்காக இதற்கு முன் யார் இத்தனை பாடுபட்டிருக்கிறார்கள்? சோற்றைப் பிசைந்தபடியே அழுதாள். அதற்குப் பிறகு அவர்களைத் திட்டுவதற்கு அவளுக்கு நா எழவில்லை. ஒன்றும் தெரியாதவள் போல இருந்துவிட்டாள். பிள்ளைகளும் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நிம்மதியாக இருந்தார்கள். நெலியா சொன்னபடி பாஸ்போர்ட்டை மட்டும் புதுப்பித்து வைத்தாள்.

பருவம் முடியப்போகிற நேரத்தில் ஒரு மதியம் டீன் மூச்சிரைக்க வகுப்பு வாசலில் வந்து நின்றார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. "கிடைச்சிருச்சு லியோனி! உனக்குத்தான்!" என்றார். வகுப்பு போட்ட கூச்சலில் பக்கத்துக் கட்டிடத்தில் பரீட்சை நின்றுபோனதாகச் சொல்வார்கள். அவளுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. எங்கேயோ பெயர் மாறிப்போயிருக்கும் என்றே நினைத்தாள்.

விழா பக்கோலோதில். கடலைத் தாண்டினால் அக்கரை. நாற்பது பேரும் படகேறி வந்து, மண்டபத்தின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மேடையில் டாக்டர் லாக்சமானா பாராட்டுரையைப் படித்தார். லியோனிலா நாற்காலியின் நுனியில் இருந்தாள்.

"நாங்க போன அன்னைக்கு மாணவர்கள் பாடத்தை ரொம்ப நல்லாத் தயார் பண்ணிக்கிட்டு வந்திருந்தாங்க. ஆசிரியை பத்தே நிமிஷத்துல அதைக் கலைச்சு விட்டுட்டாங்க."

மண்டபம் சிரித்தது. அவர் காகிதத்தை மடித்து வைத்தார்.

"இதை ஒரு நிரூபணமாவே சொல்லிடறேன், எல்லாரும் கணக்குக்காரங்கதானே. ஒத்திகை கொடுத்த ஆசிரியர் இடது கையைக் கூப்பிடவே மாட்டார். இவங்க கூப்பிட்டாங்க, ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. ஆகவே இவங்க ஒத்திகை கொடுக்கலை. நான் கேட்டப்போ அதைச் சொல்லித் தப்பிச்சிருக்கலாம். பிள்ளைங்களைக் காட்டிக்கொடுக்கணுமேன்னு சொல்லலை. முப்பது வருஷமா நான் இந்தப் பெருக்கல் விதியை நடத்தறேன். மூலை எங்க போச்சுன்னு ஒரு பிள்ளைகூட என்னைக் கேட்டதில்லை. கேக்கற தைரியத்தை நான் கொடுக்கலை போலிருக்கு. இந்த அம்மாவுக்கு நான் நன்றி சொல்லணும்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பின்பக்கத்தில் மட்டும் நாற்பது முகங்கள் வெளிறிப்போயிருந்தன.

விழா முடிந்து, கடற்கரை அடுப்புக் கடைகளில் ஒன்றில் சுட்ட கோழியும் சோறும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசியில் ஜோவெலின்தான் கேட்டாள்.

"மேடம்... உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"பாதி வகுப்பு ஒரே நாள்ல இடக்கை ஆயிட்டா தெரியாதா?"

"ஏன் மேடம் எங்களைத் திட்டலை?"

"நீங்க ஏன் அப்படிப் பண்ணீங்க? பருவம் பூரா வெக்கமே இல்லாம தப்புச் சொன்ன பிள்ளைங்கதானே நீங்க? அன்னிக்கும் சொல்லியிருந்தா என்ன?"

ஜோவெலினின் பெரிய குரல் காணாமல் போயிருந்தது. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எங்க மார்க்குன்னா நூறு தப்புச் சொல்லியிருப்போம் மேடம். அன்னிக்குத் தப்புச் சொல்லி நீங்க போயிட்டீங்கன்னா? உங்க வகுப்புல தப்பாயிடுமோன்னு நாங்க பயந்தது அந்த ஒரு நாள்தான்."

லியோனிலாவின் விரல்களெல்லாம் கோழி எண்ணெயாக இருந்தது. மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேடையில் கழகத்துக்கு, டீனுக்கு, நடுவர்களுக்கு என்று வாய் நிறைய நன்றி சொல்லிவிட்டு வந்தவளுக்கு, சொல்ல வேண்டியவர்கள் எதிரில் இருக்கும்போது அந்த ஒரு வார்த்தை போதாது என்று பட்டது.

"எனக்கும் பயமாத்தான்டி இருந்துச்சு" என்றாள். "உங்களையெல்லாம் விட்டுட்டு நான் துபாய்க்குப் போய் என்னடி பண்ணியிருப்பேன்?"

மைலீன் எழுந்து வந்து, தன் தட்டில் இருந்த பெரிய துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். அதைப் பார்த்து ரோடெலும் ஒன்று வைத்தான். பிறகு ஒவ்வொருத்தராக வந்தார்கள், போதும் போதும் என்று அவள் கத்தியும் யாரும் கேட்கவில்லை.